கேஸ்ட்ரிக் முதல் டன்பார் வரை: சுங்கை சிப்புட் ஸ்கேன் மையம் ஒன்றின் வயிற்று டாப்ளர் சேவை

ஸ்கேன் எடுக்கும் கைக்கு ஐந்தில் நாலரை. கவுண்டருக்கு இரண்டு. ரிப்போர்ட் தாளுக்கு மூன்று. அதுவும் கேட்டு வாங்கினால்தான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் கடை வரிசை ஒன்றின் கீழ்மாடியில் இருக்கும் இந்த மையத்தின் பெயரை இங்கே போடவில்லை. கீழே வரும் குறைகள் தோட்டப்புற டவுன்களில் எந்தச் சிறிய ஸ்கேன் மையத்திலும் இருக்கக்கூடியவை. கர்ப்ப ஸ்கேனுக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் போகிற கூட்டத்துக்கு இதைப் படிக்க வேண்டிய தேவையும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் மேல்வயிறு பிடித்துக்கொண்டு, எடை இறங்கிக்கொண்டே போய், எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் அகப்படாமல், கடைசியில் ஒரு டாக்டர் "வயிற்று ரத்தக்குழாயை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்" என்று கடிதம் கொடுத்து அனுப்புகிறாரே, அந்தச் சிலருக்காக எழுதியது இது. அந்தக் குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தை ஒலி அலையால் அளக்கும் ஸ்கேன்தான் டாப்ளர்.

முதலில் இதில் தேடப்படும் நோயைப் பற்றி, அதாவது டன்பார் சிண்ட்ரோம் பற்றிக் கொஞ்சம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்குக் கால் போல இறங்கும் இரு தசைக்கற்றைகள் உண்டு. அந்த இடது காலையும் வலது காலையும் மகாதமனிக்கு முன்புறமாக இணைக்கும் நார்ப்பட்டை ஒன்று உண்டு. வில் மாதிரி வளைந்திருக்கும். மகாதமனி வயிற்றுக்குள் இறங்கியதும் அந்த வில்லுக்குச் சற்றுக் கீழே முதல் பெரிய கிளை பிரிகிறது. அதுதான் சீலியாக் தமனி. இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் ரத்தம் அதன் வழியாகத்தான் போகிறது. சிலருக்கு இந்தப் பட்டை இருக்க வேண்டிய இடத்தைவிடத் தாழ்ந்திருந்து தமனியை மேலிருந்து அமுக்கும். மூச்சை வெளியே விடும்போது அமுக்கம் கூடும், உள்ளே இழுக்கும்போது தளரும். ரத்தம் குறைவதால் வலியா, பக்கத்திலிருக்கும் நரம்பு முடிச்சு நசுங்குவதால் வலியா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. பெண்களிடம் அதிகம், அதிலும் ஒல்லியான உடம்புக்காரர்களிடம். சாப்பிட்ட பிறகு வலி, வேகமாக நடந்தாலோ மேடேறினாலோ வலி, குமட்டல், வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பதால் எடை இழப்பு. தோட்டத்தில் இதற்கு முதலில் வைக்கப்படும் பெயர் "கேஸ்ட்ரிக்". அடுத்தது "வாயு". ஆள் இளைக்க ஆரம்பித்ததும் "நெனப்பு".

கேஸ்ட்ரிக்கைத் தாண்டி டாக்டர் கடிதத்துக்கு வந்த பிறகும் பெயர்த் தொல்லை தீர்வதில்லை. இந்த மையத்தின் கவுண்டர் தடுமாறுவதும் அங்கேதான்.

ஒரே நோய்க்குக் கடிதங்களில் வரும் பெயர்களைப் பாருங்கள். மீடியன் ஆர்க்குவேட் லிகமென்ட் சிண்ட்ரோம். அமுக்கும் பட்டையை வைத்து வந்த பெயர், இன்று அதிகம் புழங்குவது, சுருக்கினால் மால்ஸ். சீலியாக் ஆர்ட்டரி கம்ப்ரெஷன் சிண்ட்ரோம். அமுங்கும் தமனியை வைத்து வந்த பெயர். அதே தமனியை "ஆக்சிஸ்" என்றும் "ட்ரங்க்" என்றும் எழுதுகிறவர்கள் உண்டு என்பதால் அந்த ஒரு பெயரே மூன்றாகிவிடும். சீலியாக் பேண்ட் சிண்ட்ரோம் என்பதும் இதுவே. அப்புறம் ஆட்பெயர்கள். பின்லாந்து அறுவை மருத்துவர் ஹர்யோலா 1963-இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1965-இல் டன்பாரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் 15 பேரைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கூட்டாளிகளில் ஒருவர்தான் மாரபிள். அதனால் ஒரு டாக்டர் டன்பார் சிண்ட்ரோம் என்று எழுதுவார், இன்னொருவர் ஹர்யோலா–மாரபிள் சிண்ட்ரோம் என்பார். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1917-இல், லிப்ஷுட்ஸ் என்பவர் பிரேதங்களை அறுத்துப் பார்த்து இந்தப் பட்டை தமனிமேல் படிவதைக் குறித்து வைத்தார். பாவம், அவர் பெயரில் நோய் இல்லை.

கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெண் கணினியில் பரிசோதனைப் பட்டியலைத் திறந்து, கடிதத்தில் இருக்கும் பெயரைத் தட்டித் தேடுகிறார். டன்பார் என்று தட்டினால் ஒன்றும் வராது. வராததில் தப்பும் இல்லை, அது நோயின் பெயர், பரிசோதனையின் பெயர் அல்ல. ஆனால் அதற்குப் பிறகு நடப்பதுதான் சரியில்லை: "அப்டமன் ஸ்கேன்" என்று பொதுவாகப் பதிந்துவிடுகிறார்கள். அப்டமன் ஸ்கேன் என்றால் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். தமனியின் வேகத்தை அளக்க மாட்டார்கள். "எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட் வரும். எழுதியது பொய்யில்லை, கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. நோயின் பெயர் கடிதத்தில் எதுவாக இருந்தாலும், பரிசோதனையாகக் கேட்க வேண்டியது "மெசென்ட்ரிக் டாப்ளர்", அதாவது குடல் தமனிகளின் டாப்ளர், அல்லது "சீலியாக் தமனி டாப்ளர், மூச்சை இழுத்தும் விட்டும்". இந்த வரியைக் கடிதத்திலேயே எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். டாப்ளருக்குக் கட்டணம் தனி. பதியும்போதே தொகையைக் கேட்டுக்கொண்டால் வெளியே வரும்போது வாக்குவாதம் மிஞ்சாது.

சீலியாக் என்று கடிதத்தில் இருந்தால் வேறொரு கூத்து. "அக்கா, கோதுமை ஒத்துக்காதா? ரொட்டி சானாய் சாப்பிட்டா வலிக்குதா?" என்று கவுண்டர் கேட்கிறது. கோதுமையிலுள்ள குளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் முற்றிலும் வேறு. அதற்கு ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும்தான், ஸ்கேன் அல்ல. வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இரண்டுக்கும் பெயர் வந்ததைத் தவிர வேறு உறவு கிடையாது. இந்தக் குழப்பத்தால் ரொட்டியையும் மீ நூடுல்ஸையும் மாதக்கணக்கில் விட்டு, மேலும் இளைத்துப் போகிறவர்கள் உண்டு என்பதால் இதைச் சிரித்து விட்டுவிட முடியாது.

எழுத்துக்கூட்டலும் கவனிக்க வேண்டியது. அமெரிக்க முறையில் சீலியாக்கில் "சி"க்குப் பிறகு நேரே "இ" வரும்; நம் நாட்டு மருத்துவமனைகளில் வழக்கமான ஆங்கிலேய முறையில் நடுவில் ஒரு "ஓ" வரும். பழைய ரிப்போர்ட்டைக் கணினியில் தேடும்போது ஒரு முறையில் தட்டி "இல்லை" என்றால் இன்னொரு முறையிலும் தட்டச் சொல்லுங்கள். கையெழுத்துக் கடிதமென்றால் மால்ஸ் என்பதன் கடைசி எழுத்து "டி" போலத் தெரிந்து மால்ட் ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. மால்ட் என்பது இரைப்பையில் வரும் ஒருவகை நிணநீர்ப் புற்றுக் கட்டியோடு சேர்த்துப் பேசப்படும் சொல். அந்தத் தாளை மகனோ மகளோ இணையத்தில் தேடிப் பார்த்தால் அன்றிரவு வீட்டில் யாரும் தூங்கப் போவதில்லை.

எல்லாப் பெயர்களையும் கட்டிப்போடும் கயிறு ஒன்றே ஒன்று: உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் இதற்கு ஐ 77.4 என்ற எண். டன்பார் என்றாலும் மால்ஸ் என்றாலும் அதே எண்தான். காப்புறுதிப் படிவத்திலும் மேல்மருத்துவமனைக் கடிதத்திலும் இது இருந்தால் பெயர்ச்சண்டை குறையும். முன்னால் வருவது ஆங்கில "ஐ" எழுத்து; எண் 1 என்று தட்டிவிடக் கூடாது.

பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து நோய் வேறாக இருப்பவையும் உண்டு. மையத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கத் தாளில் இவையெல்லாம் ஒரே கட்டத்துக்குள் கிடக்கின்றன. அதைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டலாம். எஸ்.எம்.ஏ. சிண்ட்ரோம், அதாவது வில்கி சிண்ட்ரோம், சீலியாக்குக்கு அடுத்துக் கீழே பிரியும் மேல்குடல் தமனிக்கும் மகாதமனிக்கும் நடுவே சிறுகுடலின் முதல் பகுதி நசுங்குவது. அங்கே தமனி நசுக்குகிறது, இங்கே தமனி நசுங்குகிறது. நட்கிராக்கர் என்பது இடது சிறுநீரகத்தின் சிரை நசுங்குவது. மே–தர்னர் இடுப்புச் சிரையில். முதியவர்களுக்குக் கொழுப்புப் படிந்து குடல் தமனிகள் அடைபடுவதும் சாப்பிட்டதும் வலிக்கும் வகைதான். ஆனால் அந்தச் சுருக்கம் தமனி பிரியும் வாயிலேயே இருக்கும், மூச்சுக்கு ஏற்ப மாறாது. பட்டை அமுக்குவது வாயிலிருந்து ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தள்ளி. சர்க்கரையும் புகையும் பல வருடமாக உள்ள பெரியவருக்கு டாப்ளர் எடுத்தால் இந்த வித்தியாசம் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வெறும் வயிறு. கவுண்டரில் மலாயில் "புவாசா" என்கிறார்கள், தமிழ் பேசும் தாதி இருந்தால் "விரதமா வாங்க" என்கிறார். விரதம் என்ற சொல்தான் இங்கே காலை வாரிவிடுகிறது. நம் வீடுகளில் விரதமென்றால் பால், பழம், இளநீர் செல்லும். டாப்ளருக்கு எதுவும் செல்லாது. 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. மாத்திரைக்கு ஒரு வாய் தண்ணீர் மட்டும். பால் குடித்தால் குடலுக்குப் போகும் ரத்தம் கூடிவிடும், குறிப்பாகச் சீலியாக்குக்கு அடுத்துள்ள மேல்குடல் தமனியில் அலையின் வடிவமே மாறிவிடும். பிறகு இரண்டையும் ஒப்பிட முடியாது. பால் தேநீரான தே தாரிக்கும் மைலோவும் அதே கணக்கு. சூயிங்கம் மென்றாலும் சிகரெட் பிடித்தாலும் காற்றை விழுங்குவோம். குடலில் காற்று நிறைந்தால் ஒலி அலை உள்ளே போகாது, திரையில் வெறும் சாம்பல் புகை. முந்தைய இரவு பருப்பு, கடலை, முட்டைக்கோஸ், கோலா வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் காலையின் முதல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதினோரு மணிவரை வெறும் வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு ஆபத்து. இந்த மையம் எண் கொடுக்கும்போது சர்க்கரை உண்டா என்று தானாகக் கேட்பதில்லை. மதிப்பெண் குறைந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

இனி நாலரை மதிப்பெண் வாங்கிய பகுதி.

நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, நெஞ்செலும்பு முடியும் குழிக்குக் கீழே வளைந்த முகமுள்ள புரோபை வைக்கிறார்கள். முதலில் மகாதமனியை நீளவாக்கில் பிடித்து, அதிலிருந்து மேலே சீலியாக், 1 அல்லது 2 சென்டிமீட்டர் கீழே மேல்குடல் தமனி என்று இரண்டையும் அடையாளம் காண்கிறார்கள். குறுக்குவாட்டில் பார்த்தால் சீலியாக் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்குமாக இரு பக்கம் பிரிவது, பறக்கும் கடற்பறவை சிறகை விரித்தது போலத் தெரியும். தப்பான தமனியை அளந்துவிடாமலிருக்க அந்தப் பறவையைத் தேடுவதுதான் வழி. இங்குள்ள தொழில்நுட்பர் அவசரப்படாமல் தேடுகிறார்.

பிறகு வேகம். சாதாரண மூச்சில் ஒன்று, மூச்சை முழுக்க வெளியே விட்டுப் பிடித்து ஒன்று, ஆழமாக இழுத்துப் பிடித்து ஒன்று, எழுந்து நிற்க வைத்து ஒன்று. பட்டை அமுக்கினால் மூச்சை விட்டபோது வேகம் எகிறும், இழுத்தபோதும் நின்றபோதும் இறங்கும். குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறுகிறதே, அதே கதை. உச்ச வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தாண்டினால் தமனி 70 விழுக்காடு அளவுக்குச் சுருங்கியிருக்கலாம் என்பது நெடுநாள் அளவுகோல். பட்டை அமுக்கத்துக்கென்றே இன்னும் கடுமையான அளவுகோலும் உண்டு: மூச்சை விட்ட நிலையில் 350-ஐத் தாண்டி, இழுத்த நிலைக்கும் விட்ட நிலைக்கும் நடுவே தமனியின் கோணம் 50 பாகைக்கு மேல் மாறுவது. 210 என்று வந்ததும் கலங்குவதும், 190 என்று வந்ததும் நிம்மதி அடைவதும் இரண்டுமே அவசரம்.

தவறு நடக்கும் இடங்கள் இவை. மூச்சு விட்டதும் தமனி கீழ்நோக்கி வளைந்து கொக்கி போலாகும். ரத்தம் ஓடும் திசையைக் காட்டத் திரையில் முன்பு வைத்த கோணக் கோட்டை அப்படியே விட்டுவிட்டால் வேகம் தப்பாக வரும். ஒவ்வொரு மூச்சு நிலைக்கும் கோணத்தைத் திருத்த வேண்டும், 60 பாகைக்கு மேல் போகவே கூடாது. அதற்கு மேல் சிறு பிசகும் எண்ணில் பெரிய பிசகாகிவிடும். திரையின் வேக அளவைக் குறைவாக வைத்தால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கோட்டுக்குக் கீழே முளைக்கும். ஒல்லியானவர் வயிற்றில் புரோபை அழுத்திப் பிடித்தால் அந்த அழுத்தமே வேகத்தைக் கூட்டிக் காட்டலாம். இங்கே கோணத்தைத் திருத்துகிறார்கள், அளவை ஏற்றுகிறார்கள். புரோப் அழுத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பெரிய தடங்கல் மொழியில்தான். "தாரிக் நாஃபாஸ்... ஹெம்புஸ்... தாஹான்" (மூச்சை இழுங்கள்... விடுங்கள்... பிடித்துக்கொள்ளுங்கள்) என்று மலாயில் வேகமாக வருகிறது. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பழகிய பெரியவர்களுக்கு "தாஹான்" என்றதும் உடம்பு தானாகச் செய்வது, இழுத்துப் பிடிப்பதுதான். இங்கே வேண்டியது அதற்கு நேர்மாறு: முழுக்க விட்டுவிட்டு, காலியாகப் பிடிக்க வேண்டும். இழுத்துப் பிடித்த நிலையில் எடுத்த எண்ணை விட்ட நிலையின் எண்ணாக எழுதிவிட்டால் நோய் மறைந்துவிடும். தமிழ் தாதி காலையில்தான் இருக்கிறார் என்பதால் வயதானவர்களைக் காலையிலேயே அழைத்துப் போங்கள், கூட ஒருவர் உள்ளே இருக்க அனுமதி கேளுங்கள். வீட்டிலேயே முதல் நாள் "மூச்சை விடுங்கம்மா, விட்டுட்டு அப்படியே பத்து எண்ணுற வரைக்கும் இழுக்காதீங்க" என்று நாலு தடவை பழக்கிவிட்டால் ஸ்கேன் அறையில் பாதி வேலை முடிந்தது.

ரிப்போர்ட்டுக்கு வருவோம். நான்கு நிலையிலும் அளந்துவிட்டுத் தாளில் ஒரே ஒரு எண்ணை எழுதுகிறார்கள், எந்த மூச்சில் எடுத்தது என்றுகூடப் போடாமல். சமைத்த கறியில் பாதியைச் சட்டியிலேயே விட்டுவிட்டுப் பரிமாறுவது போல. கேட்டால் மறுக்காமல் சேர்த்துத் தருகிறார்கள், ஆகவே கேளுங்கள்: மூச்சு விட்டது, இழுத்தது, நின்றது மூன்றின் வேகமும் தனித்தனியாக, கோணம், மேல்குடல் தமனியின் வேகம், சுருக்கத்துக்கு அப்பால் தமனி விரிந்திருக்கிறதா என்பது, அலை தெரியும் படங்கள் குறுந்தட்டில். மேலே நோயாளியின் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். பெயருக்கு நடுவே வரும் "ஏ/எல்" (மகன்), "ஏ/பி" (மகள்) மாறினாலும் அட்டை எண் சரியாக இருந்தால் மேல்மருத்துவமனையில் ஒட்டிக்கொள்ளும். எண்ணே தப்பினால் ஒட்டாது.

இந்தத் தாளோடு அடுத்த இடம் பெரும்பாலும் ஈப்போ. அரசாங்க வழியில் போகிறவர்கள் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கச் சுகாதார நிலையத்தில் 1 வெள்ளி கட்டிப் பார்த்து "சூராட் ருஜுக்கான்" என்ற பரிந்துரைக் கடிதம் வாங்கி, அதோடு இந்த ரிப்போர்ட்டை இணைத்தால் நிபுணருக்குப் படிக்க ஏதாவது இருக்கும். அங்கே ரத்தக்குழாய் தெரிய மருந்து ஏற்றி சி.டி. ஆஞ்சியோ எடுப்பார்கள். வழக்கமாகச் சி.டி. மூச்சை இழுத்துப் பிடித்த நிலையில் எடுக்கப்படுகிறது, அமுக்கம் தளரும் நிலை அதுதான். மூச்சு விட்ட நிலையிலும் எடுக்க வேண்டுமென்றும், பக்கவாட்டு வெட்டுப் படத்தில் கொக்கி வடிவம் தெரிகிறதா பார்க்க வேண்டுமென்றும் கடிதத்தில் இருப்பது நல்லது. குறுக்கு வெட்டை மட்டும் பார்த்தால் தவறிப் போகும். மருந்து ஏற்றுவதால் சிறுநீரக ரத்தப் பரிசோதனை முன்பே வேண்டும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் எடுக்கிறவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். நிறுத்துவதா இல்லையா என்பது சிறுநீரக ரத்தப் பரிசோதனை எண்ணைப் பார்த்து டாக்டர் சொல்வது.

மையத்தின் மேல் கடைசியாக ஒரு வழக்கு. எண் கூடுதலாக வந்தவர்களிடம் "ஆப்பரேஷன் பண்ணணும்" என்று அறையிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். சொல்லக் கூடாது. பட்டை தாழ்ந்திருந்து தமனியைத் தொடுவது 100 பேரில் 10 முதல் 24 பேரிடம் காணப்படலாம் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வலியே இல்லை, மற்ற தமனிகள் கிளை வழியாக ரத்தத்தைக் கொடுத்துவிடுகின்றன. புண், பித்தக்கல், கணையம் எல்லாம் பார்த்துத் தள்ளிய பிறகு மிச்சமாக நிற்கும் நோய் இது. பட்டையை வெட்டி விடுவிப்பதுதான் சிகிச்சை, சிறு துளைகள் வழியாகவும் செய்கிறார்கள். வெட்டாமல் முதலிலேயே தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தால் வெளியே அமுக்கும் பட்டை அதையும் நசுக்கிவிடும். சிலருக்கு முன்பே நரம்பு முடிச்சில் மரப்பு ஊசி போட்டு வலி குறைகிறதா என்று சோதிப்பார்கள். அறுத்தும் வலி போகாதவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு நிதானம். ஸ்கேன் அறையில் இதைத் தீர்மானிக்க முடியாது.

மறுபடி இங்கேயே போகலாமா? போகலாம், ஈப்போவுக்கு இரண்டு தடவை அலைவதை மிச்சப்படுத்தும் அளவுக்கு அந்தக் கை நல்ல கை. ஒரு துண்டுத் தாளில் இவ்வளவும் எழுதிக் கடிதத்தோடு பின் போட்டுக் கொடுங்கள்: "சீலியாக் தமனி டாப்ளர். மூச்சு விட்டு, இழுத்து, நின்று. மீடியன் ஆர்க்குவேட் லிகமென்ட், டன்பார், மால்ஸ், சீலியாக் ஆர்ட்டரி கம்ப்ரெஷன், எல்லாம் ஒன்று. ஐ 77.4. குளூட்டன் நோய் அல்ல."